இழை அறுந்த இடம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
7-5-1971

மெட்ராஸில் இருக்கும் என் மாமாவுக்கு, ஏலவார்குழலி வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலையில் அரிசி போட்டேனா என்று திறந்து திறந்து பார்க்கிறேன்.

ரேடியோவில் உங்கள் பேட்டியும் கச்சேரியும் என்று பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அக்கா தெருவுக்கே சொல்லிவிட்டாள். உங்கள் அப்பா தறியை நிறுத்தி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ரேடியோவுக்கு முன்னால்! உங்கள் குரல் கேட்டதும் நம் கலாவதி, "அப்பா உள்ள இருக்குதும்மா" என்று பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடினாள். உங்கள் கிளாரினெட்டோடு கிதாரை எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டார்கள். அழகாகத்தான் பதில் சொன்னீர்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டதற்கு, "சங்கீதம்தான் சார் நமக்குச் சம்சாரம்" என்றீர்கள். அங்கே சிரித்தார்கள். இங்கே சம்பூர்ணம் அக்கா, "அப்ப நீ யாருடி குழலி?" என்றாள். அவள் வாயில் மண்ணு விழ! உங்கள் அப்பா எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் எழுந்தேன். அதற்குள் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. கிதாரும் டிரம்மும் சேர்ந்து வந்ததே, அது நான் ராட்டினத்தில் தறிக்குத் தார் நூல் சுற்றும்போது முனகுகிற மெட்டு. "எங்க ஊர்க் காத்துல கெடந்தது சார்" என்றீர்கள். காற்றிலா கிடந்தது? சரி, போகட்டும். நடுவில் சட்டென்று நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தீர்களே, அதற்குக் கைத்தட்டல் தாங்கவில்லை. ஐயோ மாமா, அது பாட்டே இல்லை! இழை அறுந்துவிட்டால் முடிச்சுப் போடுகிற வரைக்கும் நான் வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான். அதைக்கூட விடாமல் எடுத்துப் போயிருக்கிறீர்கள். இவ்வளவு ஞாபகம் இருக்கிற மனுஷனுக்கு நான் இருப்பது மட்டும் எப்படி மறந்தது? அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

கருட சேவைக்கு நம் ஊரில் உங்கள் கச்சேரி என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கலாவதியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு எதிரிலேயே வந்து உட்காருவேன். அந்த மெட்டை வாசியுங்கள். நிறுத்துகிற இடம் வந்ததும், இது என் பெண்டாட்டி பாட்டு என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் அங்கே நிறுத்த வேண்டாம். வாசித்துக்கொண்டே போய்விடுங்கள், நான் புரிந்துகொள்கிறேன்.

வெயிலில் அலையாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மூச்சுக்கு ஒரு குறையும் வராமல் காமாட்சி பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரம்,
ஏலவார்குழலி