எழுபது கிலோ மணல்

கும்மிடிப்பூண்டி
20.1.2025

அன்புத் தம்பி அன்புராஜுக்கு,

அக்கா குணசுந்தரி எழுதுவது. போனை எடுக்க மாட்டாய், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டுவாய். கட்டைவிரலோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? அதனால் கடிதம்.

காக்களூரில் உங்கள் கம்பெனி செய்த சேஃப்டி பெல்ட்டைத்தான் இரும்பு ஆலையில் உன் மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி முதல் எண்பதடி உயரத்தில் கூரை வேலை. பெல்ட்டை வீட்டுக்கே கொண்டுவந்து, அதில் நீ கையெழுத்துப் போட்ட சோதனைச் சீட்டைத் தெருவெல்லாம் காட்டினார். "என் மச்சான் போட்ட கையெழுத்துடி. எமன் வந்தாக்கூட அறுவாது."

யாருக்காவது மாட்டித் தள்ளிப் பார்த்தீர்களா? ஆள் கிடைக்காவிட்டால் உன்னையே தள்ளியிருக்கலாம். நல்ல கனம்.

அக்கா


காக்களூர்
25.1.2025

அன்புள்ள அக்கா,

இது புதுத் தையல். நூல் எவ்வளவு தாங்கும், ஆள் எந்த வேகத்தில் விழுவான், எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டாயிற்று. கணக்கு சரியென்றால் தள்ளிப் பார்க்கவே வேண்டாம். நெப்டியூன் கிரகத்தையே கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். உனக்குப் புரியாது, விடு.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
30.1.2025

படித்த தம்பிக்கு,

நாலாவதோடு நின்ற எனக்குப் புரியாதுதான். என் மகள் இளமதியைக் கேட்டேன். "கணக்குப் போட்டப்புறம் வானத்துல தேடிப் பாத்தாங்கம்மா. இருந்துச்சு. அப்புறந்தான் ஒத்துக்கினாங்க."

நாங்களும் பார்த்தோம். உன் மாமாவின் எடைக்கு எழுபது கிலோ மணல் மூட்டை கட்டி, அவர் சட்டையையும் போட்டு, பெல்ட்டை மாட்டி, அதன் கயிற்றைப் புளியங்கிளையில் கட்டி மேலிருந்து தள்ளினோம். தையல் பிரிந்து மூட்டை தரையில் வெடித்தது. அந்தச் சட்டையை இன்னும் துவைக்க மனசு வரவில்லை. போட்டோ வைத்திருக்கிறேன். இதற்கும் கட்டைவிரல் காட்டு.

அக்கா


காக்களூர்
3.2.2025

அக்கா,

போட்டோவை யாருக்கும் காட்டாதே. என் வேலை போய்விடும். மாமாவுக்கு மட்டும் வேறு பெல்ட் அனுப்பியிருக்கிறேன். பழைய தையல். தள்ளிப் பார்த்தது. பயப்படாமல் மாட்டச் சொல்.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
12.2.2025

அன்புராஜுக்கு,

பெல்ட் வந்தது. கணக்கே போதும் என்றவன், மாமாவுக்கு மட்டும் ஏன் தள்ளிப் பார்த்த பெல்ட்டாகத் தேடி எடுத்தாய்? அவரோடு கூரை ஏறும் மற்ற நாற்பது பேருக்கும் உன் கணக்கா? அவர்களுக்கும் அக்கா தங்கை இருக்கிறார்கள்.

பிய்ந்த பெல்ட்டையும் சீட்டையும் ஆலையில் கொடுத்துவிட்டேன். பர்ஸில் வைத்திருந்த அந்தச் சீட்டை எடுத்துத் தர உன் மாமாவுக்கு அரைநாள் ஆனது. பத்தாம் தேதி யாரும் மேலே ஏறவில்லை.

வேலை போனால் இங்கே வா. சோறு போடுவேன். பேச மாட்டேன்.

குணசுந்தரி