ஒரு விருந்தோடு நின்றுபோன மடை வேலை

அக்கா,

பக்கத்து வீட்டில் ஊளி மீன் குழம்பு கொதிக்கிறது. புளியும் மல்லியும் கலந்த வாசனை சுவரைத் தாண்டி என் அறைக்குள் வந்துவிட்டது. வேறு யாருக்காவது இதில் பசி எடுக்கும். எனக்கு உங்கள் முகம்தான் வருகிறது, கூடவே வெட்கமும்.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதில் தப்பும் இல்லை. நான் உங்களுக்கு உறவா, ஊர்க்காரனா? வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு திட்டத்தின் சம்பளக்காரன். வேலை முடிந்ததும் ராமநாதபுரத்துக்குத் திரும்பிவிட்டவன்.

திருப்புல்லாணிப் பக்கம் உங்கள் ஊர்க் கண்மாயைச் சீர்செய்ய அந்த உதவி வந்தபோது முதலில் நம்பாதவர் நீங்கள்தான். "நம்ம கண்மாய்க்கு எந்தச் சீமைக்காரன் தம்பி காசு தாரான்?" என்று சிரித்தீர்கள். ஆனால் தந்தார்கள். தூர் வாரினோம். முதல் வருடம் மழையும் ஒத்துழைத்தது. தை வரை தண்ணீர் நின்று, கடைசிப் பாய்ச்சலும் கிடைத்து, ரேஷன் கடைப் பக்கம் போகாமல் உங்கள் வீட்டில் பல மாதம் சொந்த நெல் வெந்தது. அந்த உதவியை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். மிச்சம் இருந்தது மடை ஒன்றுதான். இடிந்து கிடந்த அதன் வழியாகப் பாதித் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கட்ட இரண்டாம் கட்ட உதவி வர வேண்டும். வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல அடுத்த வருடம் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார்.

அந்த வருடம் மழை பாதியில் நின்றுவிட்டது. இருந்த தண்ணீரும் மடையில் ஒழுகிப் போக, நெல் பதராகிவிட்டது. உங்கள் பானையில் அரிசி இல்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? பரமக்குடிப் பக்கம் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் அரிசி வாங்கி வந்தீர்கள். கடற்கரைக்கு ஆள் அனுப்பி ஊளி மீன் வாங்கினீர்கள். வந்தவருக்கு வாழை இலை போட்டீர்கள். பஞ்சத்தைப் பார்க்க வந்தவருக்கு விருந்து வைக்க நம் பக்கத்து ஆட்களால்தான் முடியும். எனக்கு எல்லாம் தெரியும்.

சொந்த நெல் எத்தனை மாதத்துக்கு வருகிறது என்று அவர் கேட்டார். நான் அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

"முதல்ல சாப்பிடச் சொல்லுங்க தம்பி. வந்தவுககிட்டப் போயி அது இல்ல, இது இல்லன்னா சொல்லுவாக?"

நான் ஆங்கிலத்தில், சாப்பாட்டுக்குக் குறைவில்லையாம் என்றேன். வாய் கூசவில்லை. திட்டம் நன்றாக நடக்கிறது என்று காட்டினால் என் வேலையும் நிலைக்கும் என்ற கணக்கு எனக்குள் ஓடியது. அந்த அம்மா இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனுஷிதான். இந்த ஊர் உணவில் தன்னிறைவு அடைந்துவிட்டது என்று எழுதினார். இரண்டாம் கட்ட உதவி வேறு எங்கோ போனது.

அதைச் சொல்ல வந்த அன்று நீங்கள் கொல்லையில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் சொல்லக்கூடாது தம்பி. சாப்பிட வந்தவுககிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க சொல்லியிருக்கலாம்ல?"



பிறகு உங்கள் வயலில் கருவேலம் ஏறியது. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் உங்களைப் பார்த்தேன், கை நிறைய அழுக்குப் போர்வைகளோடு. "இங்கன மூணு வேளையும் சோறு போட்டுருதாக தம்பி" என்றீர்கள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. உணவுப் பாதுகாப்பு பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியவன் நான். நெல் விளைவித்த நீங்கள் அங்கே சோற்றுக்காகப் போர்வை சுமந்து நின்றீர்கள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அக்கா.

இப்போது நானும் தனி ஆள். மனைவி இறந்துவிட்டாள். மகள் துபாயில். தினமும் போனில், "அய்யா, சாப்ட்டீகளா?" என்று கேட்கிறாள். "ஆச்சு தாயி" என்கிறேன். பல நாள் அடுப்பே மூட்டியிருக்க மாட்டேன். இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, போனைப் பிடுங்கி, "பொய் சொல்றாரு, இன்னும் சாப்பிடல" என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

அந்த விருந்தன்று உங்கள் பக்கத்தில் நான் இருந்தேன்.