பேச்சியின் வாயில் வேறு பேச்சு

ரெங்கம் தோட்டம்
10.6.2603

அன்புள்ள பேச்சிக்கு,

உன் புருஷன் காளியப்பன் சொல்லச் சொல்ல, ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை சதாசிவம் எழுதுவது. 1943-ஐ இனி ஜப்பான்காரன் கணக்கில் 2603 என்றுதான் போடவேண்டுமாம். எதைப் போட்டால் என்ன, எனக்கு வாசிக்கத் தெரியாது.

நீ சிகாமட் அம்மைக் கொட்டகையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போய் நாற்பத்திரண்டு நாள். சின்ன வயதில் அம்மை கண்டவள், மறுபடி வராது என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அமலநாதன் கூட்டிப் போனான். பெண்சாதி செத்தவன். என் கடிதத்தை உனக்கு வாசிப்பதும் அவன், உன் பதிலை எழுதுவதும் அவன். ரகசியமாக ஒரு வார்த்தை பேச வழியில்லை.

டிரெஸ்ஸர், இதையும் சத்தமாக வாசி.

கைநாட்டு,
காளியப்பன்


சிகாமட்
21.6.2603

அன்புள்ள மாமாவுக்கு,

பேச்சியம்மாள் சொல்லி எழுதியது. டிரெஸ்ஸர் சத்தமாகத்தான் வாசித்தார். படுத்திருந்த பதினாறு பேரும் கேட்டார்கள். சிரிக்கத் தெம்பு இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மைக்கு வைரஸ்தான் காரணமாம். மேலே ஒரு உறை, உள்ளே கொஞ்சம் சரக்கு, அவ்வளவுதான். சொந்த அடுப்பு கிடையாது. நம் உடம்பு கோடிக்கணக்கான சின்ன வீடுகளாம். உயிரணு என்று பேர். ஒரு வீட்டுச் சுவரில் ஒட்டி உள்ளே புகுந்தால், அந்த வீட்டு அடுப்பிலேயே தன்னைப் போலப் பிள்ளைகளைச் செய்துகொள்ளுமாம். பிறகு வீடு பாழ். பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போகும். அப்படி வீடுகள் பாழான இடம்தான் கொப்புளம்.

டிரெஸ்ஸர் அம்மை குத்த மாட்டு அம்மைப்பாலோடு உங்கள் தோட்டத்துக்கு வருகிறார். நாகப்பட்டணத்தில் கப்பலேறும்போது குத்தாமல் தப்பியவர் நீங்கள். இந்தத் தடவை கையை நீட்டுங்கள்.

பேச்சியம்மாள்


ரெங்கம் தோட்டம்
2.7.2603

பேச்சிக்கு,

சதாசிவம் ஒருதரம்தான் வாசித்தான், வரிக்கு வரி மனதில் நிற்கிறது. 'வைரஸ்', 'உயிரணு' எல்லாம் உன் வாயில் எப்போது முளைத்தன? முப்பத்தொரு வருஷமாக நீ 'ஆத்தா வந்திருக்கா' என்றுதான் சொல்வாய்.

அந்த வைரஸ் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. வீடு என்னுடையது, அடுப்பு என்னுடையது, உள்ளேயிருந்து வருகிற பேச்சு மட்டும் அவனுடையது.

அவன் கையால் குத்திக்கொள்ள மாட்டேன். எனக்கு அம்மை வரட்டும். அப்போதாவது பக்கத்தில் வந்து உட்காருவாய்.

காளியப்பன்


ரெங்கம் தோட்டம்
19.7.2603

அன்புள்ள பேச்சிக்கு,

டிரெஸ்ஸர் வந்தார். நான் வரிசைக்குப் போகவில்லை. நம் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இடது தோள்ல பால்வெட்டுக் கத்தித் தழும்பு இருக்குமாமே. அதுல படாம கீழ குத்தணுமாம். பேச்சியம்மா நாலு தரம் சொல்லிட்டாங்க" என்றார்.

சட்டையைக் கழற்றுமுன்பே என் தழும்பு அவருக்குத் தெரிகிறது. வயிறு எரிந்தது. "வேற என்ன சொன்னா?" என்றேன்.

"வேற பேச்சே கிடையாதுங்க. விடிஞ்சா அடைஞ்சா ஒங்க கதைதான். நீங்க மரவள்ளிய எதத் தொட்டுத் தின்பீங்கன்னு எனக்கே மனப்பாடம். கேட்க ஒரு பொண்டாட்டி இல்லாதவன்கிட்ட இதெல்லாம் சொல்லலாமா? ஒங்களப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது."

கையை நீட்டினேன்.

சதாசிவம் காய்ச்சலில் படுத்திருப்பதால் இதை எழுதுவதும் டிரெஸ்ஸர்தான். நான் 'அவன்' என்றுதான் சொல்கிறேன். கை அவருடையது, எப்படிப் போடுகிறாரோ.

கொட்டகையில் நோயாளிகள் குறைந்துவிட்டார்களாம், உன்னைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புகிறாராம். எனக்குக் குத்திய இடத்தில் எட்டாம் நாள் கொப்புளம் எழும்புமாம். வந்து பார்த்து, உன் வாயால் அதற்கு ஒரு பேர் சொல்.

கைநாட்டு,
காளியப்பன்