நரிமேட்டுக் கணக்கு

திருவும் திறலும் நிலைபெறுக. மலை பிளந்து இறங்கும் மூன்று ஆறுகளுக்கும், அவை சென்று சேரும் கடல்முகத்துக்கும், இடைப்பட்ட நாடு நகரம் காடு கரை அனைத்துக்கும் உடையவராய், வேங்கைக்கொடி உயர்த்திச் செம்புலத்துறைக் கோயிலில் வீற்றிருந்து செங்கோல் செலுத்தும் மாதேவி எழினியரசியார் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் பொறையன் கூத்தன் எழுதியது.

வடவெல்லைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் படைமுதலி, பகைவர் குலகாலர், ஆனைமேல் அடலேறு, மும்முறை வாகை சூடியவர், கோளரி மழவராயர் கண்டுகொள்க. உம்முடைய பட்டங்களில் ஒன்றும் விடுபடக் கூடாது என்பது மாதேவியாரின் ஆணை, ஒன்றையும் விடவில்லை. உம் பாசறையும், அதில் உயிரோடு மிஞ்சிய வீரரும், அவர்களை எண்ணிக் கலங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களும் நலமாகுக.

நீர் விடுத்த ஓலை வந்தது. நரிமேட்டில் நம் படை மூழ்கியது கணிமண்டபத்தாரின் பொய்க்கணக்கால்தான் என்றும், ஆகையால் மண்டபத் தலைவி காரிநங்கையின் தலையை உப்பிட்டுப் பாசறைக்கு அனுப்ப வேண்டும் என்றும், மண்டபத்துக்கு விட்டிருக்கும் மானிய நிலங்களை யானைப்படைக்கு மாற்றித் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். இவற்றுக்கு மறுமொழி கீழே வருகிறது. பொறுமையாகப் படிப்பீராக. அது உமக்கு வழக்கமில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இவ்வோலை பாசறையில் உரக்கப் படிக்கப்படும் என்பதால், கணிமண்டபம் இன்னதென்று அறியாத வீரர்களுக்காக அதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூவாற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தால் எந்த இடத்தில் எவ்வளவு ஏறும் என்று ஒருவர் தனியே உட்கார்ந்து எண்ணத் தொடங்கினால், விடை வருவதற்குள் அந்த வெள்ளம் வடிந்து அடுத்த வெள்ளமும் வந்துவிடும். ஆகையால் மாதேவியாரின் தந்தையார் காலத்தில் ஆறு முழுவதையும் துண்டு துண்டாக வகுத்து, துண்டுக்கு ஒரு கணியரை அமர்த்தினார்கள். ஆறு எந்த வரிசையில் ஓடுகிறதோ அந்த வரிசையில் அவர்கள் மண்டபத்தில் அமர்ந்திருப்பார்கள். மேலிருந்து தன் துண்டுக்குள் எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு தங்குகிறது, கீழே எவ்வளவு போகிறது என்று ஒவ்வொருவரும் ஒரே வேளையில் மணற்பலகையில் சோழி வைத்து எண்ணுவார்கள். எண்ணி முடித்தவர் கையை உயர்த்துவார். எல்லாக் கைகளும் ஏறிய பிறகே தலைவி சேகண்டி என்னும் வெண்கலத் தட்டை அடிப்பாள். சேகண்டி ஒலித்த பிறகே ஒருவர் விடையை அண்டையில் இருப்பவர் வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றை எண்ணலாம். ஒரு கை ஏறாவிட்டாலும் சேகண்டி ஒலிக்காது. அந்த மண்டபத்தின் முறைமை இவ்வளவுதான்.

இந்த மண்டபத்தின்மேல் உமக்கு நெடுநாள் காய்ச்சல் உண்டு. ஒரு வேலைக்கு இத்தனை வாய்களா, இவர்கள் தின்னும் நெல்லில் எத்தனை யானைக்குக் கவளம் உருட்டலாம் என்று அரசவையில் நீர் கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தீர். பலனே காட்டாமல் வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறவர்களுக்கு எதற்கு அரசு நிலம் என்றும் கேட்டீர். காரிநங்கை அன்று எழுந்து, பலன் தெரிந்த பிறகுதான் சோறு போடுவோம் என்றால் பலன் வரும்வரை எண்ணுவதற்கு ஆள் உயிரோடு இருக்காது என்றாள். அவையோர் அதற்கும் சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லை.

பின்பு குறும்பொறை வேந்தன் படையெடுத்து வந்து ஆற்றின் வடகரையில் தண்டு இறங்கினான். மலைமேல் உள்ள பேரேரியின் மதகுகளைத் திறந்து அவனை அடித்துக்கொண்டு போகச் செய்வது என்று தீர்மானமாயிற்று. நம் படை எந்த மேட்டில் நின்றால் நனையாமல் தப்பும் என்பதை மட்டும் மண்டபம் எண்ணிச் சொல்ல வேண்டும். பட்டப்பகலில் நீர் உருவிய வாளோடு, ஆட்கள் சூழ, மண்டபத்துக்குள் நுழைந்தீர். உம் குதிரைச் சாணம் உம் செருப்போடு உள்ளே வந்தது என்று காரிநங்கை நினைவு வைத்திருக்கிறாள். பெரும் அச்சத்தில் மனம் இப்படி அற்பமானவற்றையே பிடித்துக்கொள்ளும் போலும்.

அப்போது மண்டபத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன, ஒன்றைத் தவிர. அது சேந்தனின் கை. அவருக்கு விழுந்திருந்தது முக்கூடல் துண்டு. மூன்று ஆறுகளும் ஒன்றையொன்று முட்டி மோதும் இடம். மற்றவருக்கு ஒரு பங்கு வேலை என்றால் அவருக்கு மூன்று பங்கு. ஒவ்வொரு சுற்றிலும் மண்டபமே அவருக்காகக் காத்திருக்கும். அதற்காக அவரை யாரும் ஏசியதில்லை. காரிநங்கை இதை உம்மிடம் எடுத்துச் சொல்லி, அவர் சோம்பேறி அல்லர், சற்றுப் பொறுத்தருள வேண்டும் என்று கும்பிட்டாள்.

ஊர் பற்றி எரியும்போது இவன் ஒருவனுக்காக நாடே கைகட்டி நிற்பதா என்று நீர் கர்ஜித்தீர். சேந்தனின் குடுமியைப் பற்றி இழுத்து, உயர மறுக்கும் கை உனக்கு எதற்கு என்று கேட்டு, அவருடைய வலக்கையை மணிக்கட்டுக்கு மேலே வெட்டினீர். பலகையில் இருந்த மணலெல்லாம் ரத்தச் சேறாயிற்று. பிறகு அந்தக் கையை விரலில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, இதோ ஏறிவிட்டது, அடி சேகண்டியை என்றீர்.

காரிநங்கை அடிக்க மறுத்தாள். அவள் கையிலிருந்த சேகண்டிக் கோலைப் பிடுங்கி அதனாலேயே அவள் மணிக்கட்டை உடைத்தீர். வாயில் துணியை அடைத்துத் தூணோடு அழுத்திப் பிடிக்கச் செய்தீர். உம் ஆள் ஒருவன் சேகண்டியை அடித்தான். காயத்துக்குக் கட்டுப் போட எழுந்த கணியரை மிதித்து உட்கார வைத்தீர். வெயில் சாய்வதற்குள் சேந்தன் தன் பலகைமேல் கவிழ்ந்து செத்தார். அவருடைய துண்டை எண்ண ஒருவரும் இல்லை.

அதற்குப் பின் நடந்ததை நீர் கவனிக்கவில்லை. தூணில் அழுந்திக் கிடந்த காரிநங்கை கவனித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கைகளும் ஒருசேரச் சட்டென்று ஏறின. பலகையில் சோழிகள் வைத்த இடத்திலேயே கிடந்தன, கைகள் மட்டும் உயர்ந்து நின்றன. எவருடைய கை கடைசியாக ஏறுமோ என்ற பீதியில் அவரவரும் எண்ணி முடிக்காததை முடித்ததாகக் காட்டினார்கள். அரைகுறை விடை அண்டையில் இருந்தவருக்குப் போய், அவருடைய அரைகுறை விடை அடுத்தவருக்குப் போய், கடைசியில் வந்தது எங்குமே இல்லாத ஓர் ஆற்றின் கணக்கு. துணி அடைத்த வாயோடு அவள் அது பொய், பொய் என்று கத்தினாள். தொண்டைப் புண்தான் மிச்சம். நரிமேடு நனையாது என்று விடை வந்ததும், பார்த்தீர்களா, உதைத்தால் எவ்வளவு விரைவாக எண்ணுகிறார்கள் என்று நீர் மகிழ்ந்தீர்.

நரிமேட்டில் நடந்ததை அங்கே இருந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆயினும் மாதேவியார் எழுதச் சொன்னார். தண்ணீர் மரங்களை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. கவசம் பூண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே மூழ்கினார்கள். கழற்றியவர்களை மரங்கள் நசுக்கின. வெறிகொண்ட யானைகள் நம் ஆட்களையே மிதித்துக்கொண்டு மேட்டின் உச்சிக்கு ஏறின, உச்சியும் மூழ்கியது. ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறி, அடியில் இருப்பவன் தன் உடன்பிறந்தவன் என்று தெரிந்தும் ஏறி, எல்லாரும் போனார்கள். சற்றே உயர்ந்த வடகரையில் பகைவர் நனையாமல் நின்று, நீந்தி வந்தவர்களைச் சிரித்துக்கொண்டே அம்பால் அடித்தார்கள். நீர் மட்டும் பின்னால் இருந்த பெரும்பாறையில் கூடாரம் அடித்திருந்தீர். காற்று நன்றாக வரும் என்பதற்காக அங்கே அடித்ததாக உம் பணியாளனே சொன்னான்.

மிஞ்சிய வீரர்களிடம் நீர் சொன்னது ஒன்றே: கணியர் கொன்றார்கள். துக்கத்தில் வெந்துகொண்டிருந்தவர்கள் அதை நம்பித் தலைநகருக்குள் புகுந்து மண்டபத்துக்குத் தீயிட்டார்கள். தப்பி ஓடிய கணியர் பலரை வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். காரிநங்கையை மாதேவியார் சிறையில் அடைத்தார்; அவளை உயிரோடு வைக்க அன்று வேறு இடம் இல்லை.

சிறையிலிருந்து அவளை அழைத்து, உன் கணக்கு பொய்யா என்று மாதேவியார் கேட்டார். அன்று வெளிவந்தது பொய்தான், ஆனால் அது எங்கள் கணக்கு அன்று என்றாள் காரிநங்கை. மிஞ்சியவர்களைக் கூட்டி, அதே ஏரி அளவை வைத்து, வாள் இல்லாத இடத்தில் மீண்டும் எண்ண விட வேண்டும், விடை மாறாவிட்டால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அரண்மனை முற்றத்தில் எண்ணினார்கள். நரிமேட்டில் மாண்டவர்களின் தாய் தந்தையரைச் சுற்றிலும் அமரச் செய்தார் மாதேவியார். சேந்தனின் இடத்தில் அமர எவரும் துணியவில்லை, காரிநங்கை அமர்ந்தாள். உடைந்த வலக்கை துணிக்கட்டில் தொங்க, பழகாத இடக்கையால் சோழியை நகர்த்தினாள். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கைகளும் ஏறி நிற்க, அவள் கை மட்டும் ஏறாமல் கிடந்தது. கூட்டத்தில் ஒருவர் காறித் துப்பினார். கல் ஒன்று வந்து அவள் தோளில் விழுந்தது. அப்போது மாறாயி என்பவள், இரண்டு மகன்களையும் நரிமேட்டில் தொலைத்தவள், எழுந்து நின்று சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னார் மாதேவியார்: “எவன்டா கல்லு எறிஞ்சது? எண்ணட்டும் விடுங்கய்யா. எம் புள்ளைங்க எதனால செத்தானுங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பொழுது போனாப் போவுது.”

அதன்பின் கல் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். விடை வந்தது: நரிமேட்டில் வெள்ளம் ஆள் உயரத்துக்கு மேலே ஏறும். முற்றத்தில் எழுந்த ஓலம் கோட்டை வாயில் வரை கேட்டது. பிறகு கூட்டம் உம் மாளிகையை நோக்கி ஓடியது. கதவைப் பெயர்த்து, தூண்களைச் சாய்த்து, அன்று சேகண்டியை அடித்த உம் ஆளை அடையாளம் கண்டு தெருவில் இழுத்து வந்து கல்லால் அடித்துக் கொன்றார்கள். மாதேவியார் காவலரை அனுப்பினார். விரைந்து போகும்படி சொல்லவில்லை.

ஆகையால் மாதேவியாரின் கட்டளை வருமாறு. கணிமண்டபத்து மானியம் குறையாது. எரிந்த மண்டபம் அரசுப் பொருளால் மீண்டும் எழும். உமக்குப் படைச்சேவைக்கு ஈடாக விட்டிருந்த ஊர்களின் விளைவும் இனி அதற்கே சேரும். பலன் எப்போது என்று மண்டபத்தாரை எவரும் கேட்கலாகாது. ஆயுதத்தோடு உள்ளே கால் வைப்பவர் எவராயினும் அரச துரோகி. முக்கூடல் துண்டுக்கு இனி ஒருவர் அல்லர், மூவர் அமர்வர்; இது காரிநங்கை கேட்டது.

குறும்பொறை வேந்தன் இன்னும் வடகரையில்தான் இருக்கிறான். கார்மழையில் பேரேரி மீண்டும் நிரம்பியிருக்கிறது. இம்முறை இன்னும் இரண்டு மதகுகள் சேர்த்துத் திறக்கப்படும். வெள்ளம் எங்கெங்கே ஏறும் என்று மண்டபத்தார் எண்ணி முடித்துவிட்டார்கள். வடகரை முழுதும் மூழ்கும். கூகைப்பாறை நனையாது, படை முழுவதும் அங்கே ஏற வேண்டும். நரிமேட்டில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளம் நிற்கும். அங்கே நீர் ஒருவர் மட்டும், பட்டங்களுக்குரிய அணிகலன் அனைத்தும் பூண்டு, நட்ட கம்பத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நிற்பீர்.

உமக்காக ஒருவர் மன்றாடினார் என்பதையும் நீர் அறிய வேண்டும். அது காரிநங்கை. எங்கள் கணக்கைத் தூக்குக்கயிறு ஆக்காதீர்கள் என்று அவள் மாதேவியாரின் காலில் விழுந்தாள். அதை மழவராயர் முன்பே ஆக்கிவிட்டார் என்று சொல்லி மாதேவியார் எழுந்து போய்விட்டார். இவ்வோலையை எழுதும் நான் அங்கே நின்றிருந்தேன். அவள் வெகுநேரம் தரையிலேயே கிடந்து அழுதாள். தான் எண்ணாவிட்டால் மிஞ்சிய படையும் தவறான மேட்டில் நிற்கும் என்பதற்காகவே எழுந்து போய் எண்ணினாள். விடைகளை அவையில் படித்தபோது நரிமேடு என்ற இடத்தில் ஏட்டைக் கீழே வைத்து மீண்டும் எடுத்தாள். ஆனாலும் உள்ளதையே படித்தாள்.

இவ்வோலையின் படி ஒன்று உம் துணைத்தலைவர் அதியன் வேளார் கையில் முன்னரே சேர்ந்துவிட்டது. நீர் இதைப் படிக்கும்போது கூடாரத்தைச் சுற்றி நிற்பவர்கள் உம் காவலர் அல்லர். நரிமேட்டில் உடன்பிறந்தவரை இழந்தவர்கள்.

கணியரின் கணக்கு பொய் என்று உம் கைப்பட எழுதியிருக்கிறீர். அது பொய்யாயின் உம் பாதம் நனையாது. சங்கிலி அவிழ்க்கப்படும், ஊர்கள் திரும்பும், பட்டங்கள் நிலைக்கும், காரிநங்கையின் தலையும் நீர் கேட்டபடி உப்பிட்டு வந்து சேரும். அதற்கு அவளும் இசைந்து கையொப்பம் இட்டிருக்கிறாள், இடக்கையால்.

படித்தவர் செய்க, கேட்டவர் சாட்சி நிற்க, மறுத்தவர் மண்ணில் இடமின்றிப் போக. மாதேவியார் திருமுன் வேங்கை இலச்சினை பதித்தது. மதகைத் திறக்கும் ஆணை வேறொரு குதிரையில் முன்னமே போய்விட்டது.