பன்னிரண்டும் எட்டும் நூற்று இருபத்தெட்டு

சம்பந்தியம்மா,

நம் மூத்த பேரனுக்குத் திட்டக்குடி ஸ்கூலில் வாத்தியார் வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவன் கபடியில் மாவட்ட அணிக்குப் போய்விட்டான். முழங்கால் தோலை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தாலும், கோப்பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். நடுவில் பிறந்த நம் கயல் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிற படம் போனில் வந்தது. மூக்கு அப்படியே எங்கள் வகை. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும். மற்றபடி எல்லாரும் சுகம். எங்கள் கூடத்தில் இருக்கும் உங்கள் போட்டோ ரொம்பப் பழசு, புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில்

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. உங்கள் பெண்ணாடத்துக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் இப்படி முடித்தே கை பழகிப்போயிருக்கிறது. "போட்டோ எதுக்குங்க, நானே பஸ்ஸு ஏறி வரேன்" என்பீர்கள். சொன்னபடி வந்தும் நிற்பீர்கள். அந்தப் பழைய போட்டோவுக்குத்தான் மாசியில் மாலை போட்டோம்.

சரி, எழுத உட்கார்ந்தாகிவிட்டது. கயல் நேற்று போன் செய்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அவள் காலேஜில் சேர்ந்த புதிதில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் வீட்டில் தங்கியிருந்தீர்கள். கயல் உள்ளே வந்து பையை வீசிவிட்டு அழுதாள். வகுப்பில் அவள் கம்ப்யூட்டரில் எழுதிய கணக்கு தப்பாக வந்து எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். கம்ப்யூட்டர் வேண்டாம், திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தால் வேறு படிப்புக்கு மாறலாம் என்றாள். எங்கள் பீங்கான் சூளையிலிருந்து வந்த என் மகன், அப்பன்காரன், கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டான். உங்கள் மகள் அவளோடு சேர்ந்து அழுதாள். நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்:

"அப்பிடி என்னதாண்டி செஞ்ச?"

"சொன்னா ஒனக்குப் புரியாது ஆயா."

"புரியாதுதான். நீ சொல்லு."

கேட்பது உங்கள் குணம். பெண் பார்க்க வந்த எங்களிடமே, மாமியார் குறட்டை விடுவாங்களா என்று கேட்டவர்தானே. அன்றைக்குக் கண்ணால் பார்க்கவும் முடியாது, அதனால் கம்ப்யூட்டரில் இருந்ததை வரிவரியாக அவள் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. நம் சூளைக்காகத்தான் எழுதியிருந்தாள். காலையில் இறக்கிய டீக் கப்பு எத்தனை டஜன், சாயந்திரம் இறக்கியது எத்தனை டஜன் என்று அது கேட்கும். பதிலைத் தட்டினால் கூட்டிச் சொல்லும். பன்னிரண்டும் எட்டும் தட்டினால் நூற்று இருபத்தெட்டு என்றது. "நம்ம சூளையில அவ்ளோ புடிக்காதே" என்று நான் சொன்னதற்கு என்னை முறைத்தாள்.

ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் "அப்புறம்?" என்றீர்கள். இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"நீ பன்னெண்டுன்னு தட்டுற. அத அது என்னான்னு நெனச்சுக்குது?"

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை இழுத்து மடியில் வைத்தாள். நாம் தட்டுவதெல்லாம் அதற்கு வெறும் எழுத்துதானாம். எண் என்று நாம்தான் சொல்லித் தரவேண்டுமாம். சொல்லாததால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் எட்டை ஒட்டி வைத்துவிட்டது. இது எண் என்று அதற்குச் சொல்கிற 'இன்ட்' என்ற சின்னச் சொல்லைச் சேர்த்தாள். இருபது வந்தது.

நானும் தட்டிப் பார்க்கிறேன் என்று போய்க் காரியத்தைக் கெடுத்தேன். எங்கள் சூளைக் கொட்டகையில் யாரும் எண்ணை மொட்டையாகச் சொல்வதில்லை. இன்னும் சுடாத பச்சைக் கப்பு சூளையில் வெடித்தாலும் வெடிக்கும், அதைச் சுட்டதோடு சேர்த்து எண்ணினால் வம்பு. அதனால் பச்சை இத்தனை, சுட்டது இத்தனை என்றுதான் வாயில் வரும். 'சுட்டது 12' என்று எழுத்துக் கூட்டிப் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பாக என்னவோ வந்து அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி அழப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ சிரித்தாள். "ஒன்ன மாதிரி ஆளு வருவாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல ஆயா" என்றாள். "அந்தம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, அவங்களையே நிறுத்திப்புட்டுதே" என்று நீங்களும் விடவில்லை. எண்ணைத் தவிர வேறு எதைப் போட்டாலும், எண் மட்டும் போடுங்கள் என்று பணிவாகக் கேட்கிற மாதிரி அதை மாற்றிவிட்டுத்தான் சாப்பிட வந்தாள். திங்கட்கிழமை வந்தது, போனது. வேறு படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

நேற்று மத்தியானம் போனில் அதே அழுகை. தேதிகளை வரிசைப்படுத்தினால் பத்தாம் தேதி இரண்டாம் தேதிக்கு முன்னால் வந்து நிற்கிறதாம். சாயந்திரத்துக்குள் சரிசெய்து காட்ட வேண்டுமாம். "பெண்ணாடத்து ஆயா இருந்தா..." என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. "நான் வூட்டுக்கே வந்துடட்டுமா?" என்றாள்.

வந்துடு கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதுதான் எனக்கு வரும். விழுங்கிக்கொண்டேன்.

"அப்பிடி என்னதாண்டி செஞ்ச? மொதல்லேர்ந்து சொல்லு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. நீங்கள் எங்கெங்கே "அப்புறம்?" என்பீர்களோ அங்கெல்லாம் நானும் அப்புறம் என்றேன். தேதியை எடுத்து உள்ளே போடுகிற இடம் வந்ததும் கேட்டேன்:

"அத அது என்னான்னு நெனச்சுக்குது?"

பொத்தான்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நீளமாக ஒரு மூச்சு. "இதுவும் வெறும் எழுத்தாத்தான் கெடக்குது ஆயா, வச்சிடறேன்" என்றாள், வைத்துவிட்டாள்.

போனை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன் சம்பந்தியம்மா. நீங்கள் கேட்கிற மாதிரியே கேட்டேனா என்று உங்களைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.