எதிர்த்தெருவில் வாங்கிய மாத்திரை

என் கடல்காரருக்கு,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். துவைக்கப் போட்ட உங்கள் கால்சட்டைப் பையில் பாதி தீர்ந்த குமட்டல் மாத்திரை அட்டை கிடைத்தது. உறையில் எதிர்த்தெரு மருந்துக்கடையின் பெயர். மருந்துக்கடைக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கே போய் வாங்கினீர்களா?

கோபம் இல்லை, ஆவல்தான். ஊருக்கெல்லாம் கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தருபவருக்கே படகு ஆடினால் வயிற்றைப் புரட்டுமா? எத்தனை நாளாக?

விடுமுறையன்று நானும் ஒன்று விழுங்கிப் பார்த்தேன். வாய் வறண்டது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை. சமையலறையிலேயே இப்படியென்றால் முப்பது மீட்டர் ஆழத்தில்? அங்கே சும்மாவே புத்தி மந்தமாகும் என்று சொன்னவர் நீங்கள்தானே.

போன வாரம் உங்கள் கூட்டாளி கடைக்கு வந்தார். “அண்ணன் சரியா தூங்கறதில்லையா அண்ணி? கடலுக்குக் கீழ சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு பாக்கவே மறந்துட்டாரு. நான்தான் தட்டிக் காட்டினேன்” என்றார். அப்போது எனக்கு விளங்கவில்லை.

தூக்கம் குறைவாகத் தரும் மாத்திரைகளும் உண்டு. டாக்டரைக் கேட்டு, முதலில் கரையில் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சனிக்கிழமை நம் மகள் முதன்முதலாக உங்களோடு இறங்குகிறாள். ‘மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?’ என்று எல்லோரிடமும் எழுதி வாங்குவீர்களே, அந்தப் படிவம் இரண்டு இதோடு இருக்கிறது. ஒன்றை அவள் நிரப்பிவிட்டாள். மற்றது உங்களுக்கு. அது நிரம்பிய பிறகுதான் அவளுடையதில் தாயார் கையெழுத்து.

இப்படிக்கு,
இந்தத் தெரு மருந்துக்கடைக்காரி