மலைப்பக்கத்துச் சன்னல்

என் மூத்தவளுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு ஒக்பூன் எழுதுகிறாள். "தேகு ஊரு வெயில்ல வீட்டை இப்படி அடைச்சு வெச்சா அம்மா என்னாப்பா ஆவாங்க?" என்று போனில் சத்தம் போட்டாயே, அதற்காகத்தான்.

கூடத்தின் முன்கதவையும் மலைப்பக்கத்துச் சன்னலையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று ஓடும். எனக்குத் தெரியாதா? நீ பிறந்த கோடையில் உன்னை அப்படித்தான் தூங்க வைத்தோம். ஆனால் அந்தச் சன்னல் தரையோடு தரையாக இருக்கிறது. ஓர் அடி வைத்தால் வெளியே. போன வாரம் உன் அம்மா சொல்லாமல் வெளியே போய், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, நீ பள்ளிக்கூடம் விட்டு வருவாய் என்றாள்.

நேற்று மத்தியானம் இரண்டையும் திறந்துவிட்டு, சன்னலுக்குக் குறுக்கே நான் உட்கார்ந்துகொண்டேன். காற்று வந்ததும் அவள் முகம் தெளிந்தது. எனக்கு ஒரு கிண்ணம் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிச்சிட்டுக் கிளம்புங்க. எங்க வீட்டுக்காரரு வயல்லேருந்து வர்ற நேரம்."

"ரொம்பக் கோவக்காரரோ?"

"சும்மா கத்துவாரு. நல்ல மனுஷன்."

"அப்ப அவரு வர்ற வரைக்கும் இருக்கேம்மா," என்றேன்.

சரியென்று பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீடு குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. கவலைப்படாதே.

உன் அப்பா